பிழை செய்தவர் மீதும் இரக்கம் பிறப்பது எப்படி? – பாத்திரப் படைப்பை நயத்தல்



ஒரு கதையிலோ காவியத்திலோ வரும் நல்லவர் துன்பப்படும்போது நாம் வருந்துவது இயல்பு. அதை விளக்குவதும் எளிது. ஆனால் பிழை செய்தவனுக்காக, பிழையான பக்கத்தில் நின்று போரிட்டவனுக்காக, ஊரார் ஒதுக்கிவைத்தவனுக்காக நாம் கண் கலங்குகிறோமே, அது எப்படி நிகழ்கிறது? "இப்பாத்திரத்தின் மீது வாசகருக்கு இரக்கம் ஏற்படுமாறு ஆசிரியர் எவ்வாறு படைத்துள்ளார்? விளக்குக" என்று ஒரு வினா வந்தால் எப்படி விடை எழுதுவீர்கள்? இப்பாடத்தில் அதனையே ஆராயப் போகிறோம்.

காமன் பொட்டலில் ஒரு கேள்வி

முதலில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நம் ஊருக்கு வருவோம். வட்டகொடை, தலவாக்கலை, பூண்டுலோயாப் பகுதித் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அமாவாசைக்குப் பின் காமன் கம்பம் நடப்படும். பௌர்ணமியை ஒட்டிய இரவில் காமன் தகனம். தப்பு முழங்க, குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பொட்டலைச் சுற்றி ஊரே நிற்கும்.

காமன் செய்தது என்ன? தவத்தில் இருந்த சிவனின் மேல் அம்பு எய்தான். போக வேண்டாம் என்று ரதி தடுத்தும் கேளாமல் போனான். ஆகவே அவன் தண்டிக்கப்பட்டதில் நியாயம் இருக்கிறது. சிவன் தவறு செய்ததாகக் கூத்துப் பார்க்கும் எவரும் சொல்வதில்லை. ஆனாலும் ரதி வேடம் பூண்டவர் (அவர் நம் லயத்து அண்ணன் ஒருவராகத்தான் இருப்பார்) ஒப்பாரி வைக்கத் தொடங்கியதும், கூட்டத்தில் எத்தனை பேர் முந்தானையால் முகத்தைத் துடைக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஒரு முறை வகுப்பில், "காமன் செய்தது பிழையா, சரியா?" என்று கேட்டேன். எல்லாரும் "பிழை" என்றார்கள். "அப்படியானால் ஏன் அழுகிறீர்கள்?" என்றேன். சற்று நேரம் அமைதி. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி, "சேர், நாங்க சிவனோட கண்ணால பாக்கல. ரதியோட கண்ணால பாக்கிறோம்" என்றாள். நான் இதுவரை திருத்திய விடைத்தாள்களில்கூட இதைவிடச் சிறந்த விடையைக் கண்டதில்லை.

கூத்து காமனின் குற்றத்தை மறைக்கவில்லை. அக்குற்றத்தை எந்த இடத்தில் நின்று பார்ப்பது என்பதையே மாற்றிவிட்டது. தண்டிப்பவரின் அருகில் இருந்த நம்மை, இழந்தவளின் அருகில் கொண்டுவந்து நிறுத்தியது.

தொல்காப்பியர் கூறும் நான்கு

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகள் கூறப்படுவதை அறிவீர்கள். அவற்றுள் அழுகை நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. இளிவு என்பது பிறரால் இகழப்படுதல். இழவு என்பது உயிரையோ உறவையோ பொருளையோ இழத்தல். அசைவு என்பது முன்னிருந்த நல்ல நிலை கெட்டு வருந்துதல். வறுமை உங்களுக்குத் தெரிந்ததே.

இந்நான்கினுள் 'நல்லவனாக இருத்தல்' என்பது இல்லை என்பதை அவதானியுங்கள். இகழப்பட்டவன் நல்லவனாக இருந்தால்தான் அழுகை பிறக்கும் என்று தொல்காப்பியர் நிபந்தனை விதிக்கவில்லை. பிழை செய்தவனும் இகழப்படலாம், இழக்கலாம், நிலைகெட்டுப் போகலாம். எழுத்தாளருக்குத் திறந்திருக்கும் வாசல் இதுதான். அந்த வாசலில் நம் காவியப் புலவர் இருவர் எவ்வாறு நுழைந்தனர் என்பதை விரிவாகப் பார்ப்போம்.

கோவலன்: காலம் தாழ்த்திச் சொல்லப்பட்ட நற்செயல்கள்

கோவலன் மீது கோபம் கொள்ளாத மாணவரை நான் கண்டதில்லை. மனைவியைப் பிரிந்தான், மாதவியிடம் வாழ்ந்தான், குலத்தோர் தேடிய பொருளை அழித்தான், கடற்கரையில் ஒரு பாடலைக் கேட்டு அவளையும் சந்தேகித்துப் பிரிந்தான். புகார்க் காண்டத்தை வாசித்து முடிக்கும்போது அவனிடம் நமக்கு எந்த மதிப்பும் எஞ்சுவதில்லை.

இளங்கோவடிகளுக்கு அவனைப் பற்றிய நல்ல செய்திகள் தெரியும். ஆனால் அவற்றைப் புகார்க் காண்டத்தில் அவர் கூறவில்லை. மதுரைக்கு வெளியே, அடைக்கலக் காதையில், மாடலன் என்னும் மறையவன் கோவலனைச் சந்திக்கிறான். அவன் வாய்மொழியாகத்தான் பழைய செய்திகள் வெளிவருகின்றன. மணிமேகலைக்குப் பெயர் சூட்டிய நாளில், தானம் பெற வந்த முதியவர் ஒருவரை மதயானை பற்றிக்கொண்டது. கோவலன் பாய்ந்து சென்று அதை அடக்கி அவரைக் காப்பாற்றினான். பாம்பைக் கொன்று தன் குழந்தையைக் காத்த கீரியை, உண்மை அறியாமல் ஒரு பெண் கொன்றுவிட்டாள். கணவனும் அவளைவிட்டுப் போய்விட்டான். தெருவில் அலைந்த அவளுக்குப் பொருள் கொடுத்து, கணவனோடு சேர்த்துவைத்தான் கோவலன். பொய்ச்சாட்சி கூறிய ஒருவனைச் சதுக்கப் பூதம் பிடித்தபோது, அவன் தாய் கதறுவதைப் பொறுக்காமல், "அவனுக்குப் பதிலாக என் உயிரை எடுத்துக்கொள்" என்று முன்வந்தான். பூதம் மறுத்துவிட்டது. இறந்தவனின் தாயையும் சுற்றத்தையும் அதன் பிறகு பல ஆண்டுகள் அவனே பேணினான்.

இச்செய்திகளை நாம் எப்போது கேட்கிறோம்? அவன் வெட்டுண்டு இறப்பதற்குச் சற்று முன்னர். இவற்றைக் காவியத்தின் தொடக்கத்திலேயே கூறியிருந்தால், 'இவ்வளவு நல்லவன் இப்படிச் செய்துவிட்டானே' என்று கோபம் இரண்டு மடங்காகியிருக்கும். இங்கே கூறியதால், 'இவ்வளவு நல்லவனையா கொல்லப் போகிறார்கள்' என்று நெஞ்சு பதறுகிறது. செய்தி ஒன்றுதான். அது வைக்கப்பட்ட இடம்தான் வேறு. 'உத்தி' என்று விடையில் எழுதுகிறீர்களே, அது இதுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். கோவலன் இவற்றைத் தானே சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் அது தற்புகழ்ச்சி. அவன் தன் வாயால் சொல்வது தன் பிழையை மட்டுமே. கொலைக்களக் காதையில், கண்ணகி சமைத்த உணவை உண்ட பின், அவளிடம் அவன் மனம் திறக்கிறான். வீணர்களோடு சேர்ந்து திரிந்ததையும், பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதையும், அவளுக்கு இழைத்த தீங்கையும் எண்ணி வருந்துகிறான். 'வா என்றதும் எழுந்து வந்தாயே' என்று கலங்குகிறான். அதற்குக் கண்ணகி, 'ஐயோ, அப்படிச் சொல்லாதீர்கள்' என்று மழுப்பவில்லை. பெரியோர் ஏற்காத ஒழுக்கத்தில் நீங்கள் நடந்தீர்கள் என்று நேராகவே சொல்லுகிறாள். அவனது பிழையும் நம் கண்முன் நிற்கிறது, அவள் அன்பும் நிற்கிறது. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. என் எண்ணத்தில், சிலப்பதிகாரத்தின் மிக உயர்ந்த இடங்களுள் இதுவும் ஒன்று.

அடுத்து நடப்பது உங்களுக்குத் தெரியும். அங்கேயும் ஒரு சிறு நுட்பம் உண்டு. பொற்கொல்லன் அழைத்துவந்த காவலர்கள் கோவலனைக் கண்டதும், 'இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே' என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் களவு நூலைப் பற்றிப் பெரிய விளக்கமே கொடுத்து அவர்கள் தயக்கத்தைக் கலைக்கப் பார்க்கிறான். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, கல்வியறிவு இல்லாத, களிப்பில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஒரு கணம் தப்பிவிடுவான் போலத் தோன்றியது. அந்த ஒரு கணத்தை இளங்கோவடிகள் நமக்குக் கொடுத்துப் பறிப்பதால்தான் வலி கூடுகிறது.

கும்பகருணன்: தோற்கும் பக்கம் என்று தெரிந்தே நின்றவன்

கோவலனின் பிழை அவனது சொந்தப் பிழை. கும்பகருணனின் நிலை வேறு. பிழை செய்தவன் அண்ணன். தம்பி அது பிழை என்று அறிந்தவன், அறிந்தும் அந்தப் பக்கத்திலேயே நின்றவன். 'கும்பகர்ணன் மாதிரித் தூங்காதே' என்று வீட்டில் திட்டு வாங்கிய உங்களுக்கு அவன் ஒரு சிரிப்புப் பாத்திரம். கம்பரும் முதலில் அவனது மலை போன்ற உடலையும், அவனை எழுப்பப் படும் பாட்டையும் வியப்பும் நகையும் தோன்றவே பாடுகிறார். பிறகு அவனைப் பேசவைக்கிறார். பேசத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிடுகிறது.

விழித்தெழுந்து வந்தவன் அண்ணனிடம் முதலில் கேட்பது, போர் வந்துவிட்டதா என்றும் சீதையின் துயரம் இன்னும் தீரவில்லையா என்றும்தான். பகைவரின் படை எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை. முன்னர் மந்திர ஆலோசனையிலும், மானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே பிறன் மனைவியை விரும்புவது என்ன நியாயம் என்று இராவணனை இடித்துரைத்தவன் அவன். இப்போதும் சீதையை விட்டுவிடச் சொல்கிறான். இராவணன் சினந்து ஏசியதும் வாதத்தை நிறுத்திவிட்டுப் போருக்குப் புறப்படுகிறான். தான் திரும்பி வரப்போவதில்லை என்றும், தான் இறந்த பின்னராவது சீதையை விட்டுவிடும்படியும் கூறி விடைபெறுகிறான்.

போர்க்களத்தில் வீடணன் அவனைத் தேடி வருகிறான். இங்கேதான் கம்பரின் திறமை உச்சத்துக்குப் போகிறது. தம்பியைக் கண்டதும் கும்பகருணன் அணைத்துக்கொண்டு அழுகிறான். ஏன் தெரியுமா? 'நம் குலத்தில் நீ ஒருவனாவது பிழைத்துப் போனாய் என்று ஆறுதல் அடைந்திருந்தேனே, நீயும் திரும்பி வந்துவிட்டாயா' என்ற கலக்கம். எதிரிப் பக்கம் போனவன் என்ற கோபம் அவனிடம் இல்லை. இராமனிடம் வந்துவிடும்படி வீடணன் மன்றாடுகிறான். தனக்குக் கிடைக்கும் இலங்கை அரசையும் அண்ணனுக்கே கொடுப்பதாகச் சொல்கிறான். கும்பகருணன் மறுக்கிறான். இத்தனை காலம் வளர்த்துப் போர்க்கோலமும் பூட்டி அனுப்பியவனுக்காக உயிரைக் கொடுக்காமல், நிலையில்லாத வாழ்வை விரும்பி அப்பால் போகமாட்டேன் என்கிறான். இறந்த பின் எங்களுக்கு நீர்க்கடன் செய்ய நீ இருக்க வேண்டும், போய்விடு என்று தம்பியைத் திருப்பி அனுப்புகிறான்.

இந்த இடத்தில் மாணவர்கள் வழுக்கி விழுவதுண்டு. 'எனவே கும்பகருணன் செய்தது சரியே' என்று எழுதிவிடுகிறார்கள். கம்பர் அப்படிச் சொல்லவில்லை. வீடணன் செய்ததும் காவியத்தில் சரியாகவே காட்டப்படுகிறது. கும்பகருணன் தன் பக்கம் தோற்கும் என்றும், தோற்க வேண்டியதே என்றும் அறிந்திருக்கிறான். ஆயினும் சோறிட்ட கையை விட்டு அகல அவனால் முடியவில்லை. நியாயம் ஒரு பக்கமும் நன்றி ஒரு பக்கமுமாக ஒருவனை இழுக்கும்போது, அவன் எதைத் தேர்ந்தாலும் ஒன்றை இழப்பான். நமக்கு வரும் இரக்கம் அவ்விழப்புக்கானது. அது அவனுக்குக் கொடுக்கும் மன்னிப்புச் சீட்டு அன்று.

இறுதியில் அவன் இராமனிடம் வேண்டுவது இரண்டு. ஒன்று, வீடணனை இராவணனிடமிருந்து காக்க வேண்டும் என்பது. மற்றது, தன் தலையை அறுத்துக் கடலில் எறிந்துவிட வேண்டும் என்பது. சுக்கிரீவன் அவனுடைய மூக்கையும் காதுகளையும் கடித்துப் பறித்திருந்தான். மூக்கில்லாத முகத்தைப் பிறர் பார்த்து இகழக்கூடாது என்பதே அவன் கவலை. மலை போன்ற உடல், தேவர்களை நடுங்கவைத்த வலிமை எல்லாம் போய், கடைசியில் எஞ்சியது ஒரு சாதாரண மனிதனின் வெட்கம். தொல்காப்பியர் கூறிய இளிவு இதுவே. பள்ளிக்கூடத்துக்குக் கிழிந்த சப்பாத்தோடு வந்து, காலை மேசைக்கு அடியில் இழுத்துக்கொள்ளும் பிள்ளைக்கும் இருப்பது இதே வெட்கந்தான். பெரிய பாத்திரத்துக்குச் சிறிய ஆசை ஒன்றைக் கொடுத்துவிட்டால் அது நம் அருகில் வந்துவிடுகிறது.

ஒதுக்கப்பட்டவன்: ஆபுத்திரன்

மேற்கூறிய இருவரும் பிழையால் வருந்தியவர்கள். தான் செய்யாத பிழைக்காக ஒதுக்கப்பட்டவன் மணிமேகலையில் வரும் ஆபுத்திரன். ஒழுக்கம் தவறிய தாய் பெற்றவுடன் ஒரு தோட்டத்தில் விட்டுச்சென்ற குழந்தை. ஒரு பசு ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. பின் இளம்பூதி என்னும் அந்தணர் எடுத்து வளர்த்து ஓதுவித்தார். ஒரு நாள் வேள்விக்காகக் கட்டப்பட்டு நடுங்கி நின்ற பசுவை ஆபுத்திரன் இரவில் அவிழ்த்துக்கொண்டு போனான். ஊரார் பிடித்து அடித்தனர். வாதத்தில் அவனை வெல்ல முடியாதபோது அவன் பிறப்பை இழுத்துப் பேசினர். வளர்த்தவரும் கைவிட்டார். அவன் பிச்சை கேட்டு நீட்டிய பாத்திரத்தில் சோற்றுக்குப் பதிலாகக் கல்லைப் போட்டனர்.

சாத்தனாரின் வரிசை முறையைக் கவனியுங்கள். பசு பாலூட்டியதை நாம் முதலில் பார்த்துவிடுகிறோம். அதன் பின்னரே அவன் பசுவை அவிழ்க்கிறான். ஆகவே ஊரார் 'பசுத் திருடன்' என்னும்போது, நமக்கு அது தாயை மீட்ட செயலாகப் படுகிறது. பாத்திரத்தில் விழுந்த கல்லுக்கு அவன் என்ன மறுமொழி கூறினான் என்பதைவிட, பின்னர் மதுரையில் என்ன செய்தான் என்பதே முக்கியம். சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி, பிச்சை எடுத்து, குருடர், செவிடர், முடவர், நோயாளர், ஆதரவற்றோரை முதலில் உண்ணவைத்து, மிஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டையே தலையணையாக வைத்துத் தூங்கினான். கல் விழுந்த பாத்திரத்திலிருந்து சோறு வழங்கப்படுகிறது. சாத்தனார் இங்கே 'இவன் எவ்வளவு நல்லவன்' என்று முழங்கவில்லை. ஓட்டைக் காட்டியதே போதும் என்று விட்டுவிட்டார்.

பிற்காலத்தில் இருந்து இரண்டு

பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ 1862ல் வெளியிட்ட நாவல் சுத்தானந்த பாரதியாரால் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் வந்தது. 1950ல் அதே பெயரில் திரைப்படமும் ஆனது. அதன் நாயகன் ஜீன் வால்ஜீன் அக்காவின் பிள்ளைகளின் பசிக்காக ஒரு ரொட்டியைத் திருடுகிறான். தண்டனையும், தப்பியோட முயன்றதற்கான தண்டனைகளும் சேர்ந்து 19 ஆண்டுகள் சிறையில் கழிகின்றன. வெளியே வந்தவனுக்கு ஒரு மதகுரு இடம் கொடுக்கிறார். அவர் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களையே அவன் திருடுகிறான். அவர் காட்டிக்கொடுக்காமல் மன்னிக்கிறார். பெரும்பாலான கதைகளில் இந்த இடத்தில் திருடன் திருந்திவிடுவான். ஹியூகோ அப்படி எழுதவில்லை. அதற்குப் பிறகும் அவன் வழியில் ஒரு சிறுவனின் நாணயத்தைக் காலால் மிதித்து வைத்துக்கொள்கிறான். பிறகுதான் தன்னை நினைத்து அழுகிறான். குற்றத்தைக் குறைத்துக் காட்டாத எழுத்தாளரைத்தான் வாசகர் நம்புகிறார்.

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' 1934ல் வந்தது. அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குக் கஞ்சி காய்ச்ச வழியில்லாத அம்மாளு என்ற மில் தொழிலாளி, ஊர் ஏற்காத ஒன்றைச் செய்கிறாள். அதை ஆசிரியர் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார். அவளுக்காக அழவும் இல்லை, அவளைக் கண்டிக்கவும் இல்லை. கோபத்தை எல்லாம் நம் பக்கம் திருப்பி, கற்பைப் பற்றி மேடையில் பேசுபவர்களை நோக்கி ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கதையை முடிக்கிறார். இரக்கம் சில நேரம் கண்ணீராக வராது. இப்படிச் சுரீர் என்றும் வரும்.

நம்மைப் பற்றி எழுதப்பட்டபோது

இதுவரை நாம் பிறருக்காக இரங்கினோம். நம்மைப் பார்த்துப் பிறர் இரங்கிய கதையும் உண்டு. அதில் எச்சரிக்கை தேவை.

'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை ஏதாவது ஒரு பஸ்ஸிலோ கடையிலோ நம்மில் பலர் கேட்டிருப்போம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மூதாதையரை நாடற்றவர் ஆக்கியது. நாட்டுக்கு வருமானம் தேடித்தந்தவர்கள் நாட்டில் ஒதுக்கப்பட்டவர்களாக நின்றனர். அவர்களைப் பற்றி வெளியில் இருந்து எழுதியவர்கள் சிலர் இரக்கத்தோடுதான் எழுதினார்கள். ஆனால் அந்த எழுத்துகளில் தொழிலாளி எப்போதும் அழுதுகொண்டே இருப்பார். அவருக்குக் கோபம் வராது, பகிடி தெரியாது, பக்கத்து வீட்டோடு சண்டை பிடிக்கமாட்டார், பிழையும் செய்யமாட்டார். இதனைப் 'பரிதாபம்' என்று வைத்துக்கொள்வோம். மேலே இருந்து கீழே பார்ப்பது பரிதாபம். பக்கத்தில் இருந்து பார்ப்பது இரக்கம். (அகராதியில் இவ்வேறுபாடு இராது. விளங்கிக்கொள்வதற்காக நான் வகுத்தது.)

பக்கத்தில் இருந்து பார்த்தவருள் முக்கியமானவர் நம் வட்டகொடைப் பகுதியிலேயே பிறந்தவர். மடகொம்பரைத் தோட்டத்தில் 1914ல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை. 1947ல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவர். அடுத்த ஆண்டே, தமக்கு வாக்களித்த மக்கள் பிரஜாவுரிமை இழப்பதைக் கண்டவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை சக்தீ பால ஐயாவின் மொழிபெயர்ப்பில் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று வெளிவந்தது. தேயிலைத் தூருக்கடியில் புதைந்து, பெயர் சொல்ல ஒரு நடுகல்லும் இல்லாமல் போனவர்களை அவர் அதில் நினைக்கிறார். 'வீடற்றவன்' அவரது நாவல்களுள் ஒன்று. அத்தலைப்பு ஒன்றே லயத்தில் வாழ்பவரின் நிலையைச் சொல்லிவிடுகிறது. வேலை போனால் காம்பராவும் போகும்.

அவர் செய்த இன்னொரு வேலையை மறக்கக்கூடாது. தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து 1983ல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று வெளியிட்டார். அப்பாடல்களில் புலம்பல் மட்டும் இல்லை. காதலும் உண்டு, கங்காணியையும் துரையையும் நையாண்டி செய்யும் குறும்பும் உண்டு. எப்போதும் அழுகிறவர்கள் என்று பிறர் நினைத்த மக்கள், தங்களை அப்படி நினைத்துக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' சிறுகதையையும் முடிந்தால் தேடி வாசியுங்கள். வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே காம்பராவில் படுத்துறங்க வேண்டிய ஒரு தொழிலாளியின் வெட்கமே அக்கதை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை எப்படி இருக்கும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அம்மனிதனைக் குற்றவாளி போலக் கூனிக் குறுக வைப்பது எது என்று கதை முடிந்த பின் யோசித்தால், அந்தச் சுவர்கள்தான் கண்ணுக்குத் தெரியும்.

விடை எழுதும்போது

வினா: "கும்பகருணன் பிழையான பக்கத்தில் நின்றவனாயினும் நம் இரக்கத்துக்கு உரியவனாகிறான். விளக்குக."

ஒரு மாணவர் எழுதிய விடை இவ்வாறு தொடங்கியது: "கும்பகருணன் மிகவும் பாவம். அவன் இராவணனின் தம்பி. அவன் ஆறு மாதம் தூங்குவான். இராவணன் அவனை எழுப்பிப் போருக்கு அனுப்பினான். அவன் போரில் இறந்தான். இதை வாசிக்கும்போது எமக்குக் கவலையாக உள்ளது."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 'விளக்குக' என்று கேட்ட வினாவுக்குக் கதைச்சுருக்கம் வந்திருக்கிறது. கவலையாக இருப்பதைச் சொல்லிய மாணவர், எதனால் கவலை வந்தது என்று சொல்லவில்லை. அதே மாணவர் இரண்டாம் முறை எழுதியது:

"கும்பகருணன் தன் அண்ணன் செய்தது பிழை என்பதை அறிந்தவன். சீதையை விடுவிக்குமாறு இரு முறை அறிவுரை கூறுகிறான். அறியாமையால் தீமையின் பக்கம் நின்றவன் அல்லன் என்பதைக் கம்பர் இதனால் முதலிலேயே உணர்த்திவிடுகிறார். வீடணன் அழைத்தபோது அவன் தப்பிச் செல்லும் வழி திறந்திருந்தது. அவ்வழியை அவன் மறுத்தமை செய்ந்நன்றியைக் காட்டுகிறது. எனினும் அவன் போரிட்டது அநீதிக்காகவே என்பதைக் கம்பர் மறைக்கவில்லை. மூக்கற்ற முகத்தைப் பிறர் காணக்கூடாது என அவன் வேண்டுவது, அத்துணை வலிமை உடையவனையும் நாணமுள்ள எளிய மனிதனாக்குகிறது. இங்கு அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவின் காரணமாகப் பிறக்கிறது."

நீளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் காவியத்தில் இருந்து ஒரு நிகழ்ச்சியும், அது வாசகரிடம் செய்யும் வேலையும் உண்டு. 'எனினும்' என்று தொடங்கும் வாக்கியத்துக்குத் தனியாகக் கோடிடுங்கள். பாத்திரத்தின் பிழையை ஒப்புக்கொள்ளும் அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் விடை வெறும் புகழ்மாலை ஆகிவிடும். மெய்ப்பாட்டைக் குறிப்பிடுவது நல்லது. ஆனால் 'அழுகைச் சுவை உள்ளது' என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், நான்கினுள் எது என்றும் கூறுங்கள்.

பயிற்சி

1. கோவலனின் நற்செயல்களை மாடலன் வாயிலாகக் கூறியமையால் ஏற்படும் பயனை விளக்குக. அவற்றைக் கோவலனே கூறியிருந்தால் எவ்வாறு இருந்திருக்கும்?

2. கண்ணகி கோவலனின் பிழையை மறைக்காமல் கூறுவது அவன் மீதான நம் இரக்கத்தைக் குறைக்கின்றதா? உமது கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.

3. ஆபுத்திரனின் பிச்சைப் பாத்திரம் கதையில் எத்தனை விதமாகப் பயன்படுகின்றது? அதன் வழி அவனது பண்பு எவ்வாறு புலப்படுகின்றது?

4. நீர் பார்த்த காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றுள் ஒன்றில் இருந்து, பிழை செய்தும் மக்களின் இரக்கத்தைப் பெறும் ஒரு பாத்திரத்தைத் தெரிந்து ஒரு பக்கத்தில் நயந்து எழுதுக. கூத்துப் பழக்கும் பெரியவர் ஒருவரிடம் அப்பாத்திரத்தைப் பற்றிக் கேட்டறிந்தும் எழுதலாம்.

5. உமது ஊரில் எல்லாரும் ஏசும் ஒருவரைப் பற்றி அரைப்பக்கம் எழுதுக. பெயரும் அடையாளமும் வேண்டாம். அவர் செய்த பிழை ஒன்று கட்டாயம் இடம்பெற வேண்டும். 'பாவம்', 'பரிதாபம்', 'நல்லவர்' என்னும் சொற்களைப் பயன்படுத்தக்கூடாது. எழுதியதை மறுநாள் நண்பர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து, எந்த வரியில் அவருக்கு மனம் இளகியது என்று கேட்டு, அவ்வரியின் கீழ்க் கோடிட்டு வகுப்புக்குக் கொண்டுவருக.